மானியம் கேட்கும் முன்: பொது இயக்கங்களுக்கான கேள்வி பதில்

அண்மைக் காலத்தில் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் நம் கேள்வி பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் கணிசமானவை மானியத்தைப் பற்றியே கேட்கின்றன. மாலை வகுப்பு நடத்துவோர், முதியோர் இல்லம் நடத்துவோர், மகளிர் குழுவினர், ஆலய நிர்வாகத்தினர் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எங்கே பணம் கிடைக்கும் என்பதே பெரும்பாலோரின் கேள்வி. அந்தப் பணத்தை வாங்கும் நிலையில் தங்கள் இயக்கம் இருக்கிறதா என்பதை மிகச் சிலரே கேட்டிருக்கிறார்கள். முதல் கேள்விக்கான விடை இரண்டாவதைப் பொறுத்தே அமையும் என்பதால், இந்த இதழில் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள மண்டபத்தில், ஆசிரியர்கள் சிலரும் பல்கலைக்கழக மாணவர்கள் சிலரும் சேர்ந்து அங்குள்ள பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தி வருகிறோம். எங்களுக்குப் பதிவு எதுவும் இல்லை. வரும் சிறு நன்கொடைகளை என் சொந்த வங்கிக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். பதிவு இல்லாமல் மானியம் பெற வழி உண்டா?
– ஓர் ஆசிரியை, செந்தூல்

பதில்: அறவாரியங்களும் அரசுத் துறைகளும் வழங்கும் மானியம் எதையும் பதிவில்லாத குழு பெற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி, ஏழு பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரு பொது நோக்கத்திற்காகச் சேர்ந்து இயங்கினால் அது சங்கமாகவே கருதப்படும். அதைப் பதிவு செய்யாமல் நடத்துவது சட்டப்படி குற்றம். ஆகவே மானியம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீங்கள் பதிவு செய்தாக வேண்டும். சங்கங்களின் பதிவிலாகாவின் இ-ரோசஸ் இணையத் தளத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். ஏழு உறுப்பினர்கள் இருந்தாலே போதும். தொடக்கக் கூட்டத்தின் குறிப்பு, பொறுப்பாளர் பட்டியல், சங்கத்தின் சட்டவிதிகள், முகவரிக்கான ஒப்புதல் ஆகியவற்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்ளுங்கள்.

சட்டவிதிகளில் நோக்கம் என்ற பகுதியை அவசரத்தில் எழுதிவிடாதீர்கள். பழைய சங்கம் ஒன்றின் விதிகளை அப்படியே படியெடுத்து, ‘உறுப்பினரிடையே நல்லுறவை வளர்ப்பது’ என்று மட்டும் எழுதிப் பதிவு செய்துவிடுகிற பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. பின்னர் கல்வித் திட்டத்திற்கு மானியம் கேட்கும்போது, சங்கத்தின் நோக்கத்தில் கல்வியே இல்லையே என்று மதிப்பீட்டாளர் கேட்பார். விதிகளைப் பிறகு திருத்துவதற்கும் பதிவிலாகாவின் ஒப்புதல் வேண்டும். எனவே வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்குவது உங்கள் வேலை என்றால், அதையே தெளிவாக முதல் நோக்கமாக எழுதுங்கள்.

உங்கள் குழுவில் இளைஞர்களே மிகுதி என்றால், 2007ஆம் ஆண்டு இளைஞர் சங்கங்கள், இளைஞர் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் இளைஞர் அமைப்பாகப் பதிவு செய்வதையும் எண்ணிப் பாருங்கள். இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சின் திட்டங்களுக்கு அந்தப் பதிவு நெருக்கமானது. 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் கீழ் உத்தரவாத வரம்புடைய நிறுவனமாக, அதாவது பங்குகளுக்குப் பதிலாக உறுப்பினர் தரும் உத்தரவாதத்தின் அளவில் பொறுப்பு அமையும் நிறுவனமாக, பதிவு செய்யும் வழியும் உண்டு. ஆனால் அதற்கான செலவும் நிர்வாகக் கடமைகளும் அதிகம். ஒரு குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்தும் குழுவுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

பதிவு கைக்கு வரும் வரை, ஏற்கெனவே பதிவுபெற்ற கல்வி அமைப்பு ஒன்றின் திட்டமாக உங்கள் வகுப்பு இயங்கலாம். அப்படிச் செய்வதானால், பணம் எந்தக் கணக்கில் வரும், யார் செலவை ஒப்புவார், வகுப்புக்கென வந்த தொகையைத் தனித் தலைப்பில் காட்டுவார்களா என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம், மேசை, மின்விசிறி போன்றவற்றை ரோட்டரி, லயன்ஸ் மன்றங்கள் பொருளாகவே தருவதுண்டு. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தையும் அணுகலாம். கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூருக்கு 11 நாடாளுமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. சட்டமன்றத் தொகுதி கிடையாது. ஆகவே பினாங்கு நண்பர்களைப் போல இரு கதவுகளைத் தட்டும் வாய்ப்பு உங்களுக்கு இல்லை.

சொந்தக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் இன்றே ஒரு குறிப்பேட்டில் இதுவரை வந்ததையும் செலவானதையும் தேதி வாரியாக எழுதி, இன்னொருவரிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள். சங்கம் பதிவானதும், செயலவைத் தீர்மானத்துடன், குறைந்தது இருவர் கையொப்பமிடும் கணக்கைத் திறந்து மீதத் தொகையை அதற்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் சங்கம் முறையாகப் பதிவு பெற்றது. தனித்து வாழும் தாய்மார்களுக்குத் தையலும் உணவுத் தயாரிப்பும் கற்றுத் தருகிறோம். மித்ராவைத் தவிர வேறு எங்கே விண்ணப்பிக்கலாம் என்று எங்களுக்குத் தெரியவில்லை.
– மகளிர் சங்கச் செயலாளர், பட்டர்வொர்த்

பதில்: மித்ராவைத் தவிர வேறு வழி இல்லை என்ற எண்ணம் நம் இயக்கங்களிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது. முதலில் அதைப் பற்றியே சொல்கிறேன். இந்தியச் சமூகத்தின் மேம்பாட்டுக்காகச் செடிக் என்ற பெயரில் இயங்கிய அரசுப் பிரிவு 2018இல் மித்ரா ஆனது. பிரதமர் துறைக்கும் ஒருமைப்பாட்டு அமைச்சுக்கும் இடையே அது கைமாறி வந்திருக்கிறது. ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் என்ற அளவில் அதற்கு நிதி ஒதுக்கப்பட்டு வந்ததை நாம் அறிவோம். இயக்கங்களுக்கு வழங்கிய மானியங்கள் தொடர்பாக 2021இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்தியதையும் அறிவோம். அதன் பிறகு மழலையர் பள்ளிக் கட்டணம், சிறுநீரக நோயாளிகளுக்கான டயாலிசிஸ் உதவி, உயர்கல்வி மாணவர்களுக்கான மடிக்கணினி எனப் பயனாளரை நேரடியாகச் சென்றடையும் திட்டங்களுக்கு முக்கியத்துவம் தரப்பட்டது. இயக்கங்கள் வழியாகச் செல்லும் தொகையை மட்டும் நம்பி ஓர் ஆண்டுத் திட்டத்தை வகுப்பது ஏன் ஆபத்தானது என்பதற்கு இந்த வரலாறே போதும். விண்ணப்பம் திறக்கும்போது கட்டாயம் விண்ணப்பியுங்கள்; ஆனால் அதை மூன்று அல்லது நான்கு வழிகளில் ஒன்றாக மட்டும் கருதுங்கள்.

அடுத்ததாக, பெரிய நிறுவனங்களின் அறவாரியங்கள். அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனலின் அறவாரியமான யயாசான் ஹசானா கல்வி, சமூக மேம்பாடு, சுற்றுச்சூழல், கலையும் பொதுவெளியும் போன்ற துறைகளுக்கு மானியம் அளிக்கிறது. நிதியமைச்சின் ஒதுக்கீட்டைக் கொண்டு ஹசானா சிறப்பு மானியம் என்ற திட்டத்தையும் அது நடத்தி வந்துள்ளது. பெண்களின் வருமானத்தை உயர்த்தும் உங்கள் பணி சமூக மேம்பாட்டுக்குள் நேராக அடங்கும். 1982இல் தொடங்கப்பட்ட யயாசான் சைம் டார்பி, வங்கிகளின் அறவாரியங்களான மேபேங்க், சிஐஎம்பி அறவாரியங்கள் ஆகியவையும் சமூகப் பணிகளுக்கு உதவுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துறைகளும் விண்ணப்பக் காலங்களும் உண்டு. ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் அனுப்பினால், படிப்பவருக்கு முதல் பத்தியிலேயே அது தெரிந்துவிடும்.

பினாங்கில் இருப்பதால் திங்க் சிட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்ட மறு ஆண்டு, கசானாவின் துணை அமைப்பாக அது தொடங்கப்பட்டது. ஜார்ஜ்டவுன் மானியத் திட்டத்தின் வழி பழைய கட்டடங்களைச் செப்பனிடுவது முதல் சமூக, கலைப் பணிகள் வரை உதவியது. அதன் அக்கறை நகரப் புத்துயிரிலும் பாரம்பரியத்திலும் இருக்கிறது. உங்கள் தையல் வகுப்பை வலிந்து பாரம்பரியத் திட்டமாக மாற்றி எழுதாதீர்கள். ஆனால் லிட்டில் இந்தியாவின் பலகாரக் கலையையோ பூத்தொடுக்கும் தொழிலையோ ஆவணப்படுத்தி இளையோருக்குக் கற்றுத்தரும் எண்ணம் உங்கள் சங்கத்தில் உண்மையாகவே இருக்குமானால், அப்போது அந்த வழி பொருந்தும்.

பலரும் கவனிக்காத வழி, கோலாலம்பூரில் உள்ள வெளிநாட்டுத் தூதரகங்கள். ஆஸ்திரேலியத் தூதரகத்தின் நேரடி உதவித் திட்டம், உள்ளூர் முயற்சிகளுக்கான கனடா நிதி, அடிமட்டச் சமூகங்களுக்கான ஜப்பானிய மானியம் ஆகிய மூன்றும் சிறு, நடுத்தர இயக்கங்களை மனத்தில் வைத்தே உருவானவை. மூன்றின் குணமும் ஒன்றல்ல. ஜப்பானிய மானியம் கட்டடம், கருவி, வாகனம் போன்ற நிலைத்து நிற்கும் பொருள்களுக்கு உதவும்; சம்பளத்திற்கும் அன்றாடச் செலவுக்கும் உதவாது. உங்களுக்குத் தையல் இயந்திரங்களும் சமையற்கூட அடுப்புகளும் தேவை என்றால் அதன் போக்கு உங்களுக்கு ஏற்றது. கனடாவின் நிதியாண்டு மார்ச் மாத இறுதியில் முடிவடைவதால், அந்தப் பணத்தைக் குறுகிய காலத்தில் செலவிட்டுக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். மூன்று ஆண்டுப் பயிற்சித் திட்டத்தை அங்கே கொண்டு செல்வதில் பயனில்லை; ஆறு மாதத்தில் முடியும் பயிற்சி ஒன்றைக் கொண்டு செல்லலாம். பெண்கள் உரிமை, பாலினச் சமத்துவம் ஆகியவற்றை இத்தகைய தூதரகங்கள் பெரிதும் மதிக்கின்றன. எனவே தனித்து வாழும் தாய்மார்கள் என்ற உங்கள் பயனாளர் வட்டம் அங்கே நன்கு புரிந்துகொள்ளப்படும்.

ரோட்டரி இயக்கத்தில் பினாங்கும் கோலாலம்பூரும் 3300ஆம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. மாவட்ட மானியங்கள் சிறியவை, எளிதானவை. உலகளாவிய மானியத்திற்குத் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 அமெரிக்க டாலராக இருக்க வேண்டும் என்பதால், உங்கள் நிலையில் இப்போதைக்கு அதை விட்டுவிடலாம். உங்கள் ஊரின் ரோட்டரி மன்றம் ஒன்றின் வாராந்தரக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேச வாய்ப்புக் கேளுங்கள். உங்கள் பயிற்சியில் தேறி இன்று சொந்தமாகத் தைத்துச் சம்பாதிக்கும் ஒரு தாயையும், அவர் விரும்பினால், உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எங்கள் முதியோர் இல்லத்திற்கு உதவ ஒரு தனியார் நிறுவனம் முன்வந்தது. வரிவிலக்கு ரசீது தர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றதும் பின்வாங்கிவிட்டார்கள். இந்த அங்கீகாரத்தை எப்படிப் பெறுவது?
– இல்லப் பொறுப்பாளர், ஆயர் ஈத்தாம்

பதில்: அவர்கள் கேட்டது 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஆவது பிரிவு, 6ஆவது உட்பிரிவின் கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியம் வழங்கும் அங்கீகாரம். அது பெற்ற அமைப்புக்குப் பண நன்கொடை வழங்குவோர், தங்கள் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை அந்த நன்கொடையைக் கழித்து வரி கணக்கிடலாம். தனிநபருக்கும் நிறுவனத்திற்கும் இன்று வரம்பு அதுவே. சங்கப் பதிவு இருந்தாலே இந்த அங்கீகாரமும் தானாக வந்துவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். இல்லை, தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் சட்டவிதிகளை எடுத்துப் பாருங்கள். அமைப்பு கலைக்கப்பட்டால் எஞ்சிய சொத்து உறுப்பினருக்குப் பங்கிடப்படாமல் அரசுக்கோ அங்கீகாரம் பெற்ற வேறோர் அறநிலையத்திற்கோ செல்ல வேண்டும் என்ற விதி இருக்கிறதா? நிர்வாகத்தில் ஒரே குடும்பத்தினர் பெரும்பான்மையாக இருக்கிறார்களா? நம் முதியோர் இல்லங்கள் பலவற்றை ஒரு தம்பதியர் தங்கள் சொந்த வீட்டில் தொடங்கி, பிள்ளைகளையும் மைத்துனரையும் செயலவையில் சேர்த்து, பல ஆண்டுகள் தன்னலமின்றி நடத்தி வருகிறார்கள். அந்தத் தொண்டு போற்றத்தக்கது. ஆனால் வாரியம் குடும்பத்திற்கு வெளியே உள்ளவர்களின் பொறுப்பான மேற்பார்வையை எதிர்பார்க்கிறது. ஓய்வுபெற்ற தாதியர், கணக்காளர், வட்டாரத் தலைமையாசிரியர் போன்றவர்களைச் செயலவைக்குக் கொண்டு வருவது அங்கீகாரத்திற்கு மட்டுமல்லாமல், உங்களுக்குப் பின் இல்லத்தைத் தாங்கி நிற்பதற்கும் உதவும். தணிக்கை செய்யப்பட்ட கணக்கறிக்கையும் தேவைப்படும்.

இதைவிட முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் இல்லம் சமூகநல இலாகாவில் பதிவாகியிருக்கிறதா? 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி, நால்வருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ பராமரிப்பு வழங்கும் மையம், கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பதிவு செய்ய வேண்டும். தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறை, ஊராட்சி மன்றம் ஆகியவற்றின் நிபந்தனைகளை நிறைவு செய்வதுதான் பலருக்கும் தடையாக நிற்கிறது. அந்தச் சீரமைப்புக்கே முதலில் உதவி தேடுங்கள் என்பேன். பதிவு இருந்தால் அந்த இலாகா தன்னார்வ நல அமைப்புகளுக்கு வழங்கும் ஆண்டு மானியத்திற்கும் விண்ணப்பிக்கலாம். தீவிர மருத்துவத் தாதிமைப் பராமரிப்பை நீங்கள் வழங்குவதாக இருந்தால், 2018ஆம் ஆண்டின் தனியார் முதியோர் உடல்நலப் பராமரிப்புச் சட்டத்தையும் ஒரு வழக்கறிஞரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்வாங்கிய அந்த நிறுவனத்திடம் இன்னொரு வழியைச் சொல்லிப் பார்க்கலாம். அதே வருமான வரிச் சட்டத்தின் 34ஆவது பிரிவில், கல்வி, சுகாதாரம், வீடமைப்பு, சுற்றுச்சூழல், ஏழைகளின் வருமான உயர்வு போன்றவை தொடர்பான சமூகத் திட்டத்திற்கு ஒரு நிறுவனம் செய்யும் செலவை, நிதியமைச்சின் ஒப்புதல் பெற்று, வணிகச் செலவாகக் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. இதில் ஒப்புதல் திட்டத்திற்கே கிடைக்கிறது. அந்த நிறுவனத்தின் கணக்காளர் இதை அறிந்திருப்பார். அவரிடம் நேரடியாகப் பேசக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஆலயத்தின் கூரை மோசமாக இருக்கிறது. ஆலயங்களுக்கு மானியம் உண்டா?
– ஆலயச் செயலவை உறுப்பினர், பிறை

பதில்: உண்டு. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு இஸ்லாம் அல்லாத வழிபாட்டுத் தலங்களின் பழுதுபார்ப்புக்கும் பராமரிப்புக்கும் நிதி வழங்குகிறது. பினாங்கு மாநில அரசுக்கும் இதற்கெனத் தனி நிதி இருக்கிறது. இரண்டுக்கும் ஆலயத்தின் பதிவும், நில உரிமை பற்றிய ஆவணமும், குத்தகையாளரின் விலைப்புள்ளியும், பழுதைக் காட்டும் படங்களும் வேண்டும். நிலப் பிரச்சினை தீராத ஆலயம் என்றால் முதலில் அதையே கவனியுங்கள். உரிமையில்லாத நிலத்தில் கட்டுவதற்குப் பொதுப்பணம் கிடைப்பது அரிது. 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த பினாங்கு இந்து அறப்பணி வாரியத்திடம் இது குறித்து வழிகாட்டல் கேட்பது நல்லது.

2025இல் மித்ரா வழியாக 1,000 ஆலயங்களுக்குத் தலா 20,000 ரிங்கிட் வழங்கும் தர்மா மடானி திட்டம் அறிவிக்கப்பட்டது. அது ஆலயங்கள் நடத்தும் சமய, பண்பாட்டு, சமூக நிகழ்ச்சிகளுக்கானது. இந்த வேறுபாட்டை உங்கள் செயலவை உறுதியாக மனத்தில் வைக்க வேண்டும். சமய வகுப்புக்கென வாங்கிய தொகையைக் கூரைக்குச் செலவிட்டால், கூரை நன்றாகவே அமைந்தாலும் அது நிபந்தனை மீறல். நிறுவன அறவாரியங்கள் பெரும்பாலும் வழிபாட்டுக்கு உதவுவதில்லை. ஆனால் ஆலய மண்டபத்தில் நடக்கும் தேவார வகுப்பும், பாடவகுப்பும், அன்னதானமும் வேறு வேறு கணக்கில் காட்டப்பட்டால், சமூகப்பணிப் பகுதிக்கு உதவி கேட்க முடியும்.

கேள்வி: எங்கள் கல்வி அமைப்பு பல அறவாரியங்களுக்கு விண்ணப்பித்துவிட்டது. எங்கள் நீண்ட சேவையை விளக்கும் சிறப்பு மலரையும், பிரமுகர்களுடன் எடுத்த படங்களையும் இணைத்தே அனுப்புகிறோம். காரணம் கூறாமல் நிராகரிக்கிறார்கள். இந்தியர் அமைப்பு என்பதாலா?
– அமைப்பின் தலைவர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஐயா, உங்கள் மனவேதனை எனக்குப் புரிகிறது. இன அடிப்படையில் ஒதுக்கப்பட்டீர்கள் என்றோ இல்லை என்றோ தீர்ப்புக் கூற என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் நீங்கள் கடிதத்துடன் அனுப்பிய விண்ணப்பப் படியைப் படித்தேன். பன்னிரண்டு பக்கங்களில் பத்துப் பக்கம் அமைப்பின் வரலாறு. பதினொன்றாம் பக்கத்தில், ‘ஏழை மாணவர்களின் கல்விக்காக 50,000 ரிங்கிட் தந்துதவ வேண்டுகிறோம்’ என்று ஒரே வரி. எத்தனை மாணவர்கள், எந்தப் பாடம், எவ்வளவு காலம், யார் கற்பிப்பார், முடிவில் என்ன மாறியிருக்கும் என்ற எதுவும் அதில் இல்லை. அந்த விண்ணப்பத்தை நான் மதிப்பிட்டிருந்தாலும் ஒப்புதல் தந்திருக்க முடியாது.

எண்ணைக் கொண்டே பேசுவோம். நாற்பது மாணவர்கள், வாரம் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு 40 வாரங்கள் என்று வையுங்கள். மொத்தம் 80 வகுப்பு நாள்கள், 160 மணி நேரம். ஒரே நேரத்தில் இரு பிரிவுகள் நடந்தால் ஆசிரியர்களுக்கான நேரம் 320 மணி. மணிக்கு 35 ரிங்கிட் ஊக்கத்தொகை என்றால் 11,200 ரிங்கிட். பயிற்சி நூல்களுக்கு மாணவருக்கு 60 ரிங்கிட் வீதம் 2,400. மண்டபத்திற்கு நாளுக்கு 20 ரிங்கிட் வீதம் 1,600. மாலைச் சிற்றுண்டிக்கு மாணவருக்கு நாளுக்கு 2 ரிங்கிட் வீதம் 6,400. ஆக மொத்தம் 21,600 ரிங்கிட். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 540 ரிங்கிட். இந்த விலைகள் எடுத்துக்காட்டுக்காக நான் எழுதியவை. உங்கள் வட்டாரத்தில் விசாரித்து உண்மையான விலையை இடுங்கள். ஆனால் கணக்கு இந்த வடிவில் இருக்கும்போது, படிப்பவரால் ஒவ்வொரு வரியையும் கேள்வி கேட்க முடிகிறது. உங்களாலும் விடை சொல்ல முடிகிறது. 50,000 என்ற முழு எண்ணைப் பற்றி எவராலும் எதையும் கேட்க முடியாது. அதனாலேயே அதை ஒதுக்கிவிடுவார்கள்.

செலவுக்குப் பிறகு பயனைச் சொல்ல வேண்டும். நாற்பது பேருக்கு வகுப்பு நடந்தது என்பது நீங்கள் செய்த வேலை. அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் மலாய் மொழிக் கட்டுரையைத் தாங்களே எழுதும் நிலைக்கு வந்தார்கள் என்பதே அதன் பயன். இதை அறிய, முதல் வாரத்தில் ஒரு சோதனையும் கடைசி வாரத்தில் அதே தரத்தில் ஒரு சோதனையும் வையுங்கள். வருகைப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருங்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இல் நிறுத்தப்பட்ட பிறகு, ஆறாம் ஆண்டு மாணவர்களின் நிலையை அளக்க வெளித்தேர்வு எதுவும் இல்லை. எனவே நீங்களே அளந்து காட்டுவது முன்னைவிட இப்போது தேவையாகிறது. எல்லோரும் தேறுவார்கள் என்று வாக்களிக்காதீர்கள். நாற்பது பேரில் இருபத்தைந்து பேர் முன்னேறினால் அது பெரிய வெற்றி, அப்படியே எழுதுங்கள்.

உங்கள் பங்கையும் கணக்கில் காட்டுங்கள். ஒருங்கிணைப்பாளர் ஊதியமின்றி உழைக்கிறார், மண்டப வாடகையில் பாதியைக் குடியிருப்பாளர் சங்கம் ஏற்கிறது என்பவை எல்லாம் பண மதிப்புள்ளவை. மானியம் நின்ற பிறகு வகுப்பு எப்படித் தொடரும் என்ற கேள்விக்கும் விடை வேண்டும். பெற்றோர் மாதம் பத்து ரிங்கிட் தருவார்கள், முன்னாள் மாணவர்கள் ஆசிரியர்களாகத் திரும்புவார்கள் என்பது போன்ற சிறிய, நம்பத்தக்க விடை போதும்.

சிறப்பு மலரை விட்டுவிட்டு, அதற்குப் பதிலாகக் கடந்த இரண்டு ஆண்டுகளின் தணிக்கைக் கணக்கையும், பதிவிலாகாவுக்கு அனுப்பிய ஆண்டறிக்கையின் படியையும் இணையுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையை அனுப்ப வேண்டும் என்பது சங்கச் சட்டத்தின் கட்டளை. அதை முறையாகச் செய்யும் அமைப்பு என்பதே, பிரமுகர்களுடன் எடுத்த எந்தப் படத்தைவிடவும் உங்களுக்காகப் பேசும்.

நிராகரிப்புக் கடிதம் வந்ததும் கோபத்தை அடக்கி, இரண்டு வரியில் நன்றி தெரிவித்து, அடுத்த முறை எதைச் செம்மைப்படுத்த வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். எல்லோரும் பதில் தரமாட்டார்கள். பதில் தரும் ஒரு அலுவலர் உங்களுக்குப் பெரிய துணை.

கேள்வி: தைப்பூச நேரத்தில் உண்டியல் ஏந்தி எங்கள் அறப்பணிக்கு நிதி திரட்ட அனுமதி வேண்டுமா?
– இளைஞர் ஒருவர், செகாம்புட்

பதில்: கட்டாயம் வேண்டும். வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுவதை 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது; காவல் துறையிடம் உரிமம் பெற வேண்டும். ஆலய வளாகத்துக்குள் என்றால் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் தேவை. உண்டியலை முத்திரையிட்டு, இருவர் முன்னிலையில் திறந்து எண்ணி, அன்றே தொகையை எழுதிக் கையொப்பமிடுங்கள்.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கணினி அறைக்கு மானியம் தேடுகிறது. எங்களிடம் சங்கப் பதிவிலாகாவின் பத்திரம் கேட்கிறார்கள். எங்களிடம் அது இல்லையே?
– பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர், ஜெலுத்தோங்

பதில்: கவலை வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 1998ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி கல்வித் துறையிடம் பதிவாகின்றன. உங்கள் பதிவுப் பத்திரத்தை இணைத்து, அந்த விதிமுறையைக் குறிப்பிட்டு ஒரு விளக்கக் கடிதம் அனுப்புங்கள். தலைமையாசிரியரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். வாங்கும் கணினிகள் யாருடைய சொத்துப் பதிவேட்டில் சேரும், பழுதானால் யார் பார்ப்பார் என்பதை முன்கூட்டியே பள்ளியுடன் பேசி எழுதிக்கொள்ளுங்கள். பள்ளியை மேலாண்மை செய்யும் வாரியக் குழு உள்ள பள்ளி என்றால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு தரப்பும் தனித்தனியே ஒரே நிறுவனத்திடம் கேட்டு நிற்பது பள்ளிக்குத்தான் இழப்பு.

கேள்வி: ஒருவர் எங்களை அணுகி, அரசு மானியம் ஒன்றை உறுதியாக வாங்கித் தருவதாகவும், கிடைக்கும் தொகையில் 20 விழுக்காட்டைத் தனக்குத் தர வேண்டும் என்றும் கூறுகிறார். அதில் ஒரு பகுதி ‘உள்ளே இருப்பவருக்கு’ என்கிறார். செயலவையில் சிலர், ஒன்றும் கிடைக்காததற்கு 80 விழுக்காடு கிடைப்பது மேல் என்கிறார்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோலாலம்பூர்

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். விண்ணப்பம் எழுதித் தருபவருக்கு நியாயமான கட்டணம் தருவது வேறு. மானியத் தொகையில் பங்கு தருவது வேறு. அந்த 20 விழுக்காட்டை எந்தச் செலவுத் தலைப்பில் எழுதுவீர்கள்? எழுத முடியாது. ஆகவே போலி ரசீது வேண்டும். போலி ரசீதில் கையொப்பமிடப்போவது உங்கள் பொருளாளர். அந்த இடைத்தரகர் அல்லர். விசாரணை வந்தால் அவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

‘உள்ளே இருப்பவருக்கு’ என்ற சொல் வந்த பிறகு இது வெறும் தரகு அன்று. 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி, கையூட்டுக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். கையூட்டுக் கேட்கப்பட்டவர் அதைப் புகார் செய்ய வேண்டும் என்று அதன் 25ஆவது பிரிவு கூறுகிறது. பிள்ளைகளின் புத்தகத்திற்கும் முதியவர்களின் மருந்துக்கும் என ஒதுக்கப்பட்ட பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொடுக்க ஒரு செயலவை துணிவதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் செயலவையில் தயங்குபவர்களிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

அவர் அனுப்பிய புலனச் (வாட்ஸ்அப்) செய்திகளை அழிக்காமல் வையுங்கள். அவரைச் சந்தித்த நாள், இடம், சொன்ன சொற்கள் ஆகியவற்றை இன்றே எழுதி, உடன் இருந்தவரிடமும் கையொப்பம் வாங்குங்கள். செயலவைக் கூட்டத்தைக் கூட்டி, இந்தக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்ற தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்த பின், ஊழல் தடுப்பு ஆணையத்தின் கோலாலம்பூர் அலுவலகத்திற்கு இருவராகச் சென்று புகார் கொடுங்கள். புகார் செய்பவரின் அடையாளத்தைக் காக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அலுவலரிடம் முதலிலேயே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதே மானியத்திற்கு இடைத்தரகர் இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்கலாம். பிரிக்பீல்ட்ஸ் வாசகருக்குச் சொன்ன முறையில் செலவுக் கணக்கைத் தயாரித்து எனக்கு அனுப்பினால், அனுப்பும் முன் படித்துக் கருத்துச் சொல்கிறேன்.